கோவிலுக்கு வேர் வைத்த கதை

யூபிலி மலரில் ஆலய வரலாறு எழுதுவோர், அடிக்கல்லை மந்திரித்த ஆயர் யார், எந்த ஆண்டு, எந்தத் திருநாள், கோவில் மணி எந்த நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது என்பனவற்றையெல்லாம் தவறாமல் எழுதுவர். அடிக்கல்லுக்குக் கீழே என்ன மண் இருக்கிறது என்று எழுதியவரை நாம் கண்டதில்லை. இம்மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரவேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, அந்த மண்ணைப் பற்றியே எழுதலாமென்று துணிந்தோம். அதற்குக் காரணம் உண்டு.

மலையடிவாரத்திலுள்ள நம் கிளைக் கோவிலின் பின்சுவர் வெடித்திருப்பதைப் பங்கு மக்கள் அறிவர். 2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நம் பக்கமெல்லாம் கொட்டித் தீர்த்ததே, அந்த மழைக்குப் பிறகுதான் விரிசல் கண்ணில் பட்டது. பீடத்துக்குப் பின்னே தென்புறச் சன்னலின் மூலையில் தொடங்கி, சாய்வாகக் கூரையை நோக்கி ஏறுகிறது. மேலே சுண்டு விரல் நுழையும். கீழே வரவர மயிரிழை.

பார்க்க வந்த கட்டடக் காண்ட்ராக்டர் ஒருவர் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "இடிச்சிட்டுப் புதுசாக் கட்டிடுங்க சாமி" என்று நம் பங்குச் சாமியாரிடம் சொல்லிப் போய்விட்டார். யூபிலி ஆண்டில் அந்தச் சொல் பலர் காதில் இனிமையாகவே விழுந்தது. கான்கிரீட் தளம், இரட்டைக் கோபுரம், பளிங்குத் தரை என்று அன்று மாலையே பேச்சு வளர்ந்தது. பெரியவர்கள் சிலர் மட்டும் பேசாமலிருந்தார்கள். அக்கோவிலுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர்களும் செங்கல் சுமந்தவர்களும் அவர்களுடைய தாய் தகப்பன்மார். பங்குப் பேரவை இன்னும் முடிவெடுக்கவில்லை. முடிவெடுக்குமுன், சாய்ந்த கோவில்களையும் சரிந்த மலைகளையும் பிற ஊரார் எப்படிக் காப்பாற்றினார்கள் என்ற வரலாறு நம் மக்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் நம் மலையைப் பற்றி. கல்வராயன் மலை பெரும்பகுதியும் சார்னகைட் என்னும் கருங்கல்லால் ஆனது. அப்பெயர் வந்த கதை நமக்குச் சம்பந்தமில்லாததன்று. கல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், நம் சென்னையின் பரங்கிமலையிலிருந்து, அதாவது புனித தோமையார் மலையிலிருந்து, கொண்டுபோகப்பட்டது. தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியல் அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்கல்லை ஆராய்ந்து, சார்னாக்கின் பெயரையே கல்லுக்கு வைத்தார். தோமையார் மலையின் கல்லும் வெள்ளிமலைக்குப் போகும் வழியில் நாம் காணும் கல்லும் ஓரினம்.

பாறை உறுதியானதுதான். அதன்மேல் இருக்கும் மண்ணே தொல்லை. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வெயிலும் மழையும் பட்டு, பாறையின் மேற்புறம் உளுத்து மண்ணாகிக் கிடக்கிறது. ஓரிடத்தில் முழங்கால் ஆழத்தில் பாறை தட்டும். பத்தடி தள்ளித் தோண்டினால் இரண்டாள் ஆழத்துக்கும் மண்ணே வரும். மழைநீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க வழியின்றி அங்கேயே தேங்கும். அப்போது மேல்மண் முழுதும், எண்ணெய் தடவிய பலகைமேல் வைத்த பொருள்போல் வழுக்கத் தயாராகிறது. மண்ணின் காலை, அதாவது சரிவின் அடிப்பகுதியை, யாராவது வெட்டிவிட்டால் சொல்லவே வேண்டாம்.

1976-இல் அரசு ஏற்றுக்கொள்ளும் வரை இம்மலை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. மலையாளி மக்கள் பெரும்பாலும் கால்நடையாகவே ஏறி இறங்கினர். ஒற்றையடிப் பாதை மலையின் காலை வெட்டாது. வண்டிப் பாதையும் தார்ச்சாலையும் வந்தபோது மலையை வெட்ட வேண்டியதாயிற்று. சாலை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பிரசவ வலியெடுத்த பெண்ணைத் தூளி கட்டிச் சுமந்திறங்கிய காலம் திரும்ப வேண்டாம். வெட்டிய இடத்துக்கு என்ன செய்தோம் என்பதே கேள்வி.

சமவெளியில் வேறு சங்கடம். கள்ளக்குறிச்சிச் சீமையில் செம்மண்ணுக்கு இடையிடையே கரிசல் உண்டு. கரிசல் மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். மேலே நிற்கும் சுவரும் ஏறி இறங்கும். புதுவை மிசியோனைச் சேர்ந்த பிரெஞ்சு நாட்டுக் குருக்கள் காலத்துக் கோவில்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் ஆனவை. கடைக்கால் ஆழமில்லாவிட்டாலும் அகலமாக இருக்கும். சுண்ணாம்புக் காரை சற்று நெகிழ்ந்து கொடுக்கும் என்பதால் அவற்றுள் பல தாக்குப்பிடித்தன. கரிசலில் புதிதாகக் கட்டுவோருக்காக ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் 1950களில் ஒரு நல்ல முறையைக் கண்டது. ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அடியில் குடம்போல் அகலப்படுத்தி, கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்புவது. அந்த ஆழத்தில் மண் ஆண்டு முழுதும் ஒரே ஈரத்தில் இருப்பதால் ஊதுவதும் சுருங்குவதும் இல்லை. ஆனால் இது புதுக் கட்டடத்துக்கு உரியது. நூறாண்டு நிற்கும் கோவிலுக்கு அடியில் குடம் பறிக்க எவரால் முடியும்?

அந்த வினாவுக்கு விடை இத்தாலியில் பிறந்தது. கோவில்களைத் தாங்க மண்ணுக்குள் தூண் இறக்குவது அந்நாட்டாருக்குப் புதிதன்று. வெனிஸ் நகரில், கொள்ளைநோய் நீங்கியதற்கு நேர்ச்சையாக 1631-இல் தொடங்கிய சலூத்தே மாதா கோவிலுக்கு அடியில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மரக்கட்டைகளை அடித்து இறக்கியதாகக் கூறுவர். ஆனால் கட்டை அடிக்கும்போது நிலம் அதிரும். ஏற்கெனவே வெடித்து நிற்கும் கட்டடத்தின் அருகே அப்படி அடித்தால், காப்பாற்ற வந்தவனே கவிழ்த்தவனாவான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இத்தாலியின் நகரங்கள் குண்டுகளால் சிதைந்து கிடந்தன. பழைய கட்டடங்களைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், இரும்போ கிடைப்பதரிது, கூலியாட்கள் ஏராளம். இந்த வறுமையிலிருந்துதான் 1952-இல் நேப்பிள்ஸ் நகரத்துப் பொறியாளர் பெர்னாண்டோ லிட்சி, பொன்டெடிலே என்ற நிறுவனத்தில் பணியாற்றுகையில், தம் முறையைக் கண்டார். இத்தாலிய மொழியில் அதற்கு அவர் இட்ட பெயர் "பாலி ராதிச்சே". வேர்த் தூண்கள் என்று நாம் சொல்லலாம்.

நம் ஊரில் போர் போடுவதைப் பார்க்காதவர் இல்லை. ஆகவே விளக்குவது எளிது. வேர்த் தூண் என்பது சிறிய போர்தான். விட்டம் நாலங்குலம். பொறி சிறியது, கோவிலுக்குள்ளேயே, தாழ்ந்த கூரையின் கீழேயே நிறுத்தலாம். கடைக்காலுக்கு அடியில் தோண்டாமல், சுவரின் ஊடாகவே சாய்வாகத் துளைத்துக்கொண்டு, கடைக்காலையும் கடந்து கெட்டி மண்ணுக்குள்ளோ பாறைக்குள்ளோ இறங்குவர். துளை மூடிவிடாமல் குழாய் செருகுவர். அதில் ஒரே ஒரு கம்பியை இறக்கி, மணலும் சிமெண்டும் கலந்த கூழை அழுத்தத்தோடு செலுத்திக்கொண்டே குழாயை உருவுவர். கூழ் சுற்றியுள்ள மண்ணின் சந்து பொந்துகளில் புகுந்து பிடித்துக்கொள்ளும். மேலே சுவரோடும் கீழே மண்ணோடும் ஒட்டிய ஒரு கல் வேர் உண்டாகிவிடும்.

தொடக்கத்தில் கற்றவர்கள் இதை நம்பவில்லை. பழைய கணக்குப்படி இவ்வளவு மெல்லிய தூண் 10 டன் தாங்கினால் அதிகம். நேப்பிள்ஸில் ஆஞ்சுல்லி என்ற பள்ளிக்கூடத்தில் முதன்முதல் பாரமேற்றிச் சோதித்தனர். அதன்பின் பலவகை மண்ணில் செய்த சோதனைகளில் 40 டன்னுக்கும் மேல் தாங்கிற்று. தூணின் நுனி தாங்கவில்லை. அதன் உடம்பு முழுதும் மண்ணைப் பற்றியிருந்த பிடியே தாங்கியது.

இன்னொரு நயமும் இதில் உண்டு. வேர்த் தூண் வைத்தவுடன் பாரம் முழுதும் அதன்மேல் போய்விடுவதில்லை. பழைய கடைக்கால் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கட்டடம் ஒரு மயிரிழை இறங்க முற்படும்போது, வேர் அந்த அளவுக்கு மட்டும் பாரத்தை ஏற்கும். தளர்ந்த தகப்பனின் கூடவே நடந்து, அவர் தடுமாறும்போது மட்டும் கை கொடுக்கும் மகனைப்போல என்று வைத்துக்கொள்வோம்.

1962-இல் இங்கிலாந்தில் சில பழைய கட்டடங்களுக்கு இது கைகொடுத்தது. 1965-க்குள் ஜெர்மனியில் சுரங்க ரயில் பணிகளில் பயன்பட்டது. வேர்த் தூண் என்ற பெயர் ஒரு நிறுவனத்துக்கு உரிமையாகிவிட்டதால், மற்றவர்கள் மைக்ரோபைல் என்று அழைக்கலாயினர். இன்று பொறியாளர்கள் எல்லாரும் வழங்குவது அப்பெயரே. 30 செ.மீ.க்குக் குறைந்த விட்டமுள்ள, துளையிட்டுக் கம்பி வைத்துக் கூழ் நிரப்பிய தூண் மைக்ரோபைல் எனப்படும். 1973-இல் அமெரிக்காவுக்கும் சென்றது.

நம்மைப்போன்ற பங்கு மக்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடியது புரானோ தீவின் கதை. வெனிஸுக்கு அருகே கடற்கழியில் உள்ள இச்சிறு தீவு மீனவருக்கும் பின்னல் சரிகைக்கும் பேர்பெற்றது. அங்குள்ள புனித மார்ட்டின் பங்குக் கோவிலின் மணிக்கூண்டு 53 மீட்டர் உயரம். அடிமண் சேறு, ஆகையால் உச்சி ஏறத்தாழ 1.8 மீட்டர் ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறது. லிட்சி அதை நிமிர்த்த முயலவில்லை. அடிப்பீடத்தின் ஊடாக நாலாபுறமும் சாய்வாக வேர்த் தூண்களை இறக்கி, கீழுள்ள மண்ணையே கூண்டோடு சேர்த்துக் கட்டிவிட்டார். மரம் காற்றில் நிற்பது வேர் மண்ணைக் கவ்விக்கொண்டிருப்பதால் அல்லவா? அதே முறை. கூண்டு இன்றும் கோணலாகவே நிற்கிறது, மணியும் ஒலிக்கிறது.

ஈராக்கின் மோசூல் நகரில் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அல்-ஹத்பா என்ற சாய்ந்த பள்ளிவாசல் கோபுரத்துக்கும் 1980களின் தொடக்கத்தில் அதே இத்தாலிய நிறுவனம் பணிசெய்தது. மண்ணால் அது விழவில்லை. 2017 ஜூனில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பின்னர் யுனெஸ்கோவின் முயற்சியில், அருகிலிருந்த சாமிநாதர் சபையினரின் கோவிலோடு சேர்த்து மீண்டும் எழுப்பப்பட்டது.

இனி மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். துளையிட்டுக் கூழ் செலுத்துவது எங்கும் நன்மையே தரும் என்பதில்லை. பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தை எல்லாரும் அறிவர். அதுவும் மேற்றிராசனக் கோவிலின் மணிக்கூண்டுதான். 1934-இல் அதன் அடித்தளத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட துளைகளிட்டுச் சிமெண்டுக் கூழ் செலுத்தினார்கள். நீர் புகாமல் காப்பதே நோக்கம். கோபுரமோ உடனே இன்னும் கொஞ்சம் சாய்ந்தது! பிறகு 1990-இல் மூடி, பத்தாண்டுக்கு மேல் ஆராய்ந்து, கடைசியில் எந்தத் தூணும் வைக்காமல், சாயாத வடபுறத்துக்கு அடியிலிருந்து மண்ணைச் சிறுகச் சிறுக எடுத்தார்கள். உச்சி ஏறத்தாழ 40 செ.மீ. பின்வாங்கியது. 2001-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நோய் இன்னதென்று அறியுமுன் ஊசி போடலாகாது என்று நம் வைத்தியர்கள் சொல்வது கட்டடத்துக்கும் பொருந்தும் போலும்.

மலைச்சரிவுக்கு இம்முறை வந்தது 1957-க்குப் பிறகு. தனித்தனித் தூண்களாக அன்றி, ஒன்றையொன்று கத்தரிபோல் வெட்டிச் செல்லும் பல தூண்களை வலைபோல் இறக்கினால், இடையிலுள்ள மண்ணும் தூண்களும் சேர்ந்து ஒரே சுவராக நிற்கும் என்று லிட்சி கண்டார். வழுக்கும் மேல்மண்ணை ஊடுருவி, அடியிலுள்ள அசையாத பாறைக்குள் வேர்கள் சென்றுவிட வேண்டும். தலைகளை ஒரு கான்கிரீட் உத்தரத்தால் இணைத்துவிடுவர். கலிபோர்னியாவின் மென்டோசினோ காட்டில் சரிந்த மலைச்சாலை ஒன்றை 1970களின் இறுதியில் இப்படித்தான் நிறுத்தினார்கள்.

நம் மாநிலத்தில் 2009 நவம்பரில் நீலகிரியில் மலை சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அண்மை ஆண்டுகளில் அங்கே நெடுஞ்சாலைத் துறையினர் சாலையோரச் சரிவுகளில் மண்ணாணி முறையைக் கையாண்டு வருகிறார்கள். இது வேர்த் தூணுக்குத் தம்பி. சரிவின் முகத்தில் ஏறக்குறையப் படுக்கைவாட்டில் துளைத்து, கம்பி செருகிக் கூழ் நிரப்பி, மேலே வலை விரித்து, புல் விதை கலந்த கூழைப் பீச்சுகிறார்கள். புல் முளைத்துவிட்டால் கம்பி இருப்பதே தெரியாது.

இவை எல்லாச் சரிவையும் தடுக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மலையே பெயர்ந்து ஆறாக ஓடிவரும்போது நாலங்குலத் தூண் என்ன செய்யும்? ஃபெஞ்சல் புயலின் மறுநாள், 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் மாண்டதை மறந்திருக்க மாட்டோம். அவர்களில் ஐவர் குழந்தைகள். அதே மேகந்தான் நம் தலைக்கு மேலும் நின்றது. வீடோ கோவிலோ எங்கே கட்டுகிறோம், எதை வெட்டுகிறோம் என்பதே முதற் கவலையாக இருக்கவேண்டும்.

இங்கே நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். கிளைக் கோவில் திருநாளுக்குச் சப்பரம் சுற்றிவர இடம் போதவில்லையென்று, பின்னாலிருந்த மேட்டை வெட்டி அகலப்படுத்தியவர்கள் நாமே. பழைய உபதேசியார் அப்போதே, "மலைக்காலை வெட்டாதீங்க, தண்ணி கோவிலுக்குள்ள வரும்" என்றார். வயதானவர் பேச்சென்று கேட்காதிருந்தோம். அன்றுமுதல் மேட்டில் விழும் மழையெல்லாம் பின்சுவரோரம் குளமாக நிற்கிறது. ஆண்டுதோறும் இரண்டு மூன்று வண்டி மண்ணும் சரிந்து விழுகிறது.

2025 தொடக்கத்தில், பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் நம் வேண்டுகோளுக்கிணங்கிச் சேலத்திலிருந்து வந்தார். விரிசலைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லவில்லை. சுவரின் இரு மூலையிலும் குழி தோண்டச் சொன்னார். வடமூலையில் மூன்றடியில் கடைக்கால் பாறைமேல் உட்கார்ந்திருந்தது. தென்மூலையில் அதே மூன்றடியில் கடைக்கால் முடிந்தது. கீழே கொட்டி நிரப்பிய மண், கையால் பிசையும் ஈரம். கம்பி இறக்கிப் பார்த்ததில் பன்னிரண்டடிக்குக் கீழேதான் பாறை தட்டிற்று. ஒரு காலைத் திண்ணையிலும் மறு காலைச் சேற்றிலும் வைத்து நின்றுகொண்டிருந்தது நம் கோவில்.

அவர் சொன்ன யோசனை இது. கோவிலை இடிக்கவேண்டிய அவசியம் இப்போதில்லை. முதலில் பின்புறம் கல் வடிகால் வெட்டித் தண்ணீரை ஓடைக்குத் திருப்புங்கள். வெட்டிய மேட்டுக்கு, நீர்வடியும் துளைகளோடு தாங்குசுவர் எழுப்புங்கள். விரிசலைப் பூசி மறைக்காதீர்கள். குறுக்கே கண்ணாடிச் சில்லுகளை ஒட்டித் தேதி எழுதுங்கள். ஒரு வடகிழக்குப் பருவமழை போகட்டும். சில்லு உடையாவிட்டால் சுவர் அசையவில்லை. விரிசலைச் சுண்ணாம்புக் காரையால் அடைத்துவிடலாம். உடைந்தால் தென்மூலைக்கு மட்டும் சில வேர்த் தூண்களை ஊன்றிப் பாறையோடு சேர்த்துவிடலாம். முழுக் கோவிலுக்கும் வேண்டியதில்லை. அதற்குரிய சிறு பொறியை வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டும். செலவு கொஞ்சமாக இராது. ஆனால் புதுக் கோவில் கட்டும் செலவோடு வைத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். இதற்குக் கூலி ஏதும் வாங்கிக்கொள்ளவில்லை. நம் வீட்டில் சாப்பிட்டுப் போனார்.

வடிகால் வேலையை இளைஞர் மன்றத்தார் தவக்காலத்துச் சனிக்கிழமைகளில் சிரமதானமாகவே முடித்தார்கள். தாங்குசுவருக்குக் கல் இறங்கியிருக்கிறது. பணி பாதியில் நிற்கிறது. மூன்று சில்லுகளை விரிசலின் கீழும் நடுவிலும் மேலும் ஒட்டினோம். பருவமழை வந்தது. பின்சுவரோரம் இம்முறை தண்ணீர் நிற்கவில்லை. கீழ்ச் சில்லும் நடுச் சில்லும் ஒட்டியபடியே இருக்கின்றன. மேல் சில்லு மட்டும் தீபாவளிக்கு அடுத்த வாரம் குறுக்கே ஒரு கோடு விட்டது.

அந்த ஒரு கோட்டைக் காட்டி, இடித்தே ஆகவேண்டுமென்று ஒரு சாரார் மீண்டும் பேசுகிறார்கள். பாறையின் வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தபிறகு, தென்மூலைக்கு வேர் வைப்பதே தகும் என்பது நம் எண்ணம். மாறாக எண்ணுவோரும் குழி இரண்டையும் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டுப் பேசட்டும், அவற்றை இன்னும் மூடவில்லை. பக்கத்தில் புதுச் சில்லு ஒன்றை ஒட்டித் தேதி எழுதியிருக்கிறோம். கோவில் பிள்ளை நாள்தோறும் மாலை மணி அடித்தபின் ஏணி வைத்துப் பார்த்து நோட்டில் குறித்து வருகிறார். அந்த நோட்டு அடுத்த பேரவைக் கூட்டத்தில் எல்லார் முன்னும் வைக்கப்படும்.